குழந்தைவேல் மாப்பிள்ளையின் பந்துப் பெட்டி

சூதாட்டமாம், சூதாட்டம்! காசு போடுகிற ஓட்டை இருந்துவிட்டால் அது சூதாட்டப் பெட்டியா? அப்படிப் பார்த்தால் கோயில் உண்டியல் என்ன? பஸ் ஸ்டாண்டில் எடை பார்க்கிற மெஷின் என்ன? பக்கத்து வீட்டுப் பாவாயி சொன்னாள் என்று நீங்களும் தலையை ஆட்டினால் எப்படி? என் மருமகன் குழந்தைவேல் ஒரு நாள்கூடச் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. பைத்தியம் பிடித்தவரை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தோம் என்பதும் பொய். கதவு திறந்துதான் கிடந்தது. அவர்தான் வெளியே வரவில்லை. அது வேறு, இது வேறு.

நான் அந்த வீட்டிலேயே இருந்தவள். ‘மருமவன் ஊட்டுல உக்காந்து திங்கற மாமியா’ என்று அதையும் பாவாயிதான் சொன்னாள். ஆமாம், தின்றேன். நன்றாகவே தின்றேன். அதனால்தான் நடந்தது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் சங்ககிரிக்குப் பக்கம். இங்கே பாதி ஆண்கள் லாரி ஏறிப் போவார்கள், மீதிப் பேர் போர் போடுகிற ரிக் வண்டி ஏறிப் போவார்கள். குழந்தைவேல் ரிக்கில் போனவர். தை பிறந்தால் வடக்கே கிளம்புவார், அங்கே மழை பிடித்த பிறகுதான் திரும்புவார். என் மகள் சாரதாமணி தனியாக இருக்கக் கூடாது என்று அவரே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “நீங்க வந்தாத்தானுங்க அத்தை நான் நிம்மதியாக் குழி போடுவேன்” என்றார். இப்படிக் கேட்கிற மருமகன் பாவாயிக்கு வாய்த்தானா?

அவருடைய வேலையில் ஒரு நியமம் உண்டு. ரிக் வண்டியை நிறுத்தியதும் நான்கு பக்கமும் ஜாக்கியை இறக்கி, ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற குமிழி நட்டநடுவில் வந்து நிற்கிற வரைக்கும் ஒருவரையும் வண்டியைத் தொட விடமாட்டார். “மட்டம் தப்புனாக் குழி கோணும். குழி கோணுனா மோட்டார் எறங்காது” என்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கிரைண்டருக்கு மட்டம் பார்த்தார், பீரோவுக்குப் பார்த்தார், என் கட்டிலுக்கும் பார்த்தார். கட்டிலில் குமிழி அழகாக நடுவில் நின்றது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எந்தெந்த ஊரிலோ தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதர் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டார். போன கோடையில், வண்டி ரிப்பேருக்காக அவர் நடுவில் ஊருக்கு வந்திருந்தபோது, பாவாயியின் தோட்டத்தில் மரவள்ளி வாடிக் கிடந்தது. “தம்பி, நம்மூட்டுக்கு ஒரு குழி போட்டுக் குடு சாமி” என்று அவள்தான் வந்து நின்றாள். கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் ஓர் இடத்தைக் காட்டினார். குழந்தைவேல், அங்கே வேண்டாம், பாறை அமைப்பு இந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது என்று தன் கண்ணை நம்பி வேறு இடத்தில் போட்டார். சூடம் கொளுத்தி, ஊரே சுற்றி நிற்க, ரிக் இறங்கியது. வந்தது புழுதி. வெள்ளைப் புழுதி. மரவள்ளி, கறிவேப்பிலை, பாவாயியின் கருப்பு எருமை, எல்லாம் வெள்ளையாகிவிட்டன. எவ்வளவு ஆழம் போயும் ஒரு செம்புத் தண்ணீர் இல்லை.

பூமிக்குள் இருப்பதைப் பூமியா வந்து சொல்லும்? ஆனால் டீக்கடை பெஞ்சு சும்மா இருக்குமா? “என்னுங்க, மாவு மில்லு வெச்சிருக்கீங்களாமா?” என்று கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து அவருக்கு அதுவே பெயர். மாவு மில்லு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர்தான். அப்புறம் வாசற்படி தாண்டவில்லை. கோயில் பண்டிகைக்குப் போகவில்லை, முடி வெட்டிக்கொள்ளப் போகவில்லை. ரிக் முதலாளி போன் போட்டால் “ஒடம்பு சொகமில்லீங்க” என்பார். கதவோரம் கிடந்த செருப்பில் எங்கள் கோழி முட்டையிட ஆரம்பித்தது. இடது செருப்பில்தான் இடும். சாரதாமணி முட்டையை எடுத்து அவருக்கே பொரித்துப் போடுவாள். “உங்க செருப்பாச்சும் சம்பாதிக்குதுங்க” என்பாள். அவர் சிரிக்கவில்லை. முதலாளி கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்தால் வண்டி கிளம்பும்; வந்தால் வரலாம், வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அதைக் கேட்டு என் மகள் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். அன்றைக்குச் சமைத்தது தயிர்சாதம்.

இதற்கு நடுவில், ஆடி மாதத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவன் அன்பு, என் கொழுந்தனார் மகன், லாரி ஓட்டுகிறவன். ஏற்காட்டில் யாரோ பெரிய பங்களாவை விற்றுக் காலி செய்தார்களாம். சாமான் ஏற்றப் போன இடத்தில், இதையும் எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்று கொடுத்துவிட்டார்களாம். “ஒரு நாளைக்கு இங்க கெடக்கட்டுங்க மாமா, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்றான். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நாலு கால் வைத்த நீட்டுப் பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே பலகையில் காளான் மாதிரி குமிழ்கள், விளக்குகள், கீழே இரண்டு சின்னத் துடுப்புகள், அவற்றைத் தட்ட வைக்கப் பக்கத்துக்கு ஒரு பொத்தான். வில் வைத்த கைப்பிடியை இழுத்து விட்டால் ஒரு இரும்புக் குண்டு மேலே பாயும். அது குமிழ்களில் மோதி மோதி இறங்கி வரும்போது, அடியில் இருக்கிற ஓட்டைக்குள் விழாமல் துடுப்பால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். மணி அடிக்கும், எண் ஏறும். இவ்வளவுதான் ஆட்டம். பின்பலகையில் ஒரு வெள்ளைக்காரி குட்டைப் பாவாடையோடு குதிரை மேல் உட்கார்ந்திருந்தாள். சாரதாமணி அவள் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டாள்.

குழந்தைவேல் முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் அடிப்பலகையைக் கழற்றினார். உள்ளே எலி குடும்பம் நடத்திய கூடு, கடித்த ஒயர்கள், கருகிய செம்புச் சுருள்கள். “அட, இதெல்லாம் நம்ம மோட்டார் காயில் மாதிரியே இருக்குதுங்க அத்தை” என்றார். மாதக்கணக்கில் அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்போது அந்தப் பெட்டி எனக்குச் சாமி மாதிரித் தெரிந்தது. சூதாட்டமாம்!

அப்புறம் பாருங்கள் வேலையை! சுருள்களைப் பிரித்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றினார். மக்கிப் போன ரப்பர் வளையங்களுக்குப் பதிலாக ரிக் கம்ப்ரசருக்குப் போடுகிற வளையங்களை மாட்டினார். அந்தப் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்டு கூடாதாம், பாதிதான் வேண்டுமாம். அதைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தார். குண்டு துருப்பிடித்திருந்தது. அன்பு சங்ககிரியிலிருந்து லாரி பேரிங் ஒன்றை உடைத்துப் புதுக் குண்டு கொண்டுவந்து கொடுத்தான். அதை வேட்டியில் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கினார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் செய்தது என்ன தெரியுமா? மட்டம் பார்த்தது. பெட்டியின் பின்னங்கால்கள் கொஞ்சம் உயரம். “செஞ்சவன் காலை அளவு தப்பா வெச்சுட்டான்” என்று சொல்லி, கால்களைத் திருகித் தகடு வைத்து நாலையும் சமமாக்கினார். குமிழி நடுவில் நின்றது. அதற்குச் சாட்சியும் காட்டினார். பெட்டிக்குள் ஓர் ஓரத்தில் கம்பியில் ஒரு குண்டு தொங்கியது, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டு மாதிரியே.

“பாத்தீங்களா அத்தை? வெள்ளக்காரனும் தூக்குக்குண்டு வெச்சு மட்டம் பாத்துத்தான் செஞ்சிருக்கான்.”

“அவனே பாத்துச் செஞ்சிருந்தா, அப்பறம் ஏனுங்க மாப்பிள காலை நீங்க மாத்துனீங்க?” என்று கேட்டேன்.

அவர் காதில் விழாத மாதிரி திருப்புளியைத் தேடினார்.

ஆயுத பூசைக்கு ஸ்பானர், அரிவாள்மனை எல்லாவற்றோடும் அந்தப் பெட்டிக்கும் சந்தனம் பூசினோம். வெள்ளைக்காரி நெற்றியில் பொட்டில்லாமல் இருந்தாள். நான்தான் துண்டை விலக்கிப் பொட்டு வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கரண்டு கொடுத்தார். விளக்கெல்லாம் எரிந்தது. வெள்ளைக்காரி முகமே மாறிவிட்டது. கைப்பிடியை இழுத்து விட்டார். குண்டு மேலே போனது, ஒரு குமிழில் மோதியது, ஒரு மணி அடித்தது. அப்புறம் பலகை நடுவில் வந்து சும்மா நின்றுகொண்டது.

தட்டினார், நகர்ந்தது, நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி நின்றது. எங்கள் கோழி மத்தியானத்தில் நிற்குமே, அப்படி.

சுருளில் பலம் போதவில்லை என்று எல்லாவற்றையும் பிரித்து இன்னொரு தடவை சுற்றினார். குண்டு வேகமாக மோதியது, அப்புறம் வேகமாக நின்றது. பலகைக்கு மெழுகு போட்டார். ஒயரை மாற்றினார். ஐப்பசி போனது, கார்த்திகை போனது. “பந்துக்குப் பசிக்குதாட்ட இருக்குது, ரெண்டு இட்லி வைக்கட்டுங்களா?” என்று சாரதாமணி கேட்டாள். மார்கழி முடிகிறபோது சுற்றுவதையும் நிறுத்திவிட்டார். “இதுவும் காஞ்ச குழிதானுங்க அத்தை” என்றார். பெட்டி ஓடினால் மனிதர் நிமிர்வார் என்று நான் நினைத்திருந்தேன். அது இப்படி நடுவில் நின்றுகொண்டதே!

பொங்கலுக்கு முன்னால் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள். சாமான்கள் வாசலுக்கு வந்தாக வேண்டும். பீரோ வந்தது, கட்டில் வந்தது, பெட்டியும் வந்தது. அன்பும் வெள்ளையடிக்க வந்தவரும் தூக்கினார்கள். உடைந்துவிடக் கூடாது என்று மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். குழந்தைவேல்? வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, “மெல்ல, மெல்ல, கால் இடிக்குது” என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு எட்டு வெளியே வைத்தால் கையும் பிடிக்கலாம். வைக்கவில்லை.

வாசலில் வைத்ததும், “தூக்குன ஆட்டத்துல ஒயர் விட்டுப்போச்சான்னு கரண்டு குடுத்துப் பாரு அன்பு” என்றார். அன்பு நீள ஒயரை இழுத்துச் செருகினான். பட்டப்பகலிலும் விளக்குகள் மின்னின.

அந்த நேரம் பார்த்துப் பாவாயி வந்து நின்றாள்.

“இதுதானா அந்தச் சூதாட்டப் பொட்டி? ஏனக்கா, இத்தனை நாளா மறைச்சு மறைச்சு வெச்சிருந்தீங்க? பொட்டு வெச்ச துரைசானி வேற!”

“தொட்டுப் பாரு பாவாயி. உன் எருமை மாதிரி ஒதைக்காது” என்றேன்.

தொடாமல் இருப்பாளா? கைப்பிடியைப் பால் கறக்கிற கையால் இழுத்து விட்டாள். குண்டு பாய்ந்தது. மோதியது. மணி அடித்தது. நிற்கவில்லை! ஒரு குமிழிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு, டிங் டிங் என்று அடித்துக்கொண்டு கீழே ஓடி வந்தது. பாவாயி அலறிக்கொண்டே இரண்டு பொத்தானையும் அழுத்தினாள், துடுப்பு தட்டியது, குண்டு மறுபடி மேலே போனது. எண் ஏறியது. “ஐயோ ஆத்தா, வருது வருது, புடிங்க!” என்று பெட்டியையே பிடித்து உலுக்கினாள். பட்டென்று துடுப்பு இரண்டும் செத்தன. குண்டு ஓட்டைக்குள் போய்விட்டது.

நான் வாசல் நிலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் மருமகன் வாயைத் திறந்துகொண்டு நின்றார். பெட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். எங்கள் வாசல் வீதியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் ஓடுவதற்காகப் போட்ட சாய்வு. கைப்பிடிப் பக்கம் வீதியைப் பார்த்துத் தாழ்ந்திருந்தது.

“சாய்வுங்க அத்தை!” என்று கத்தினார். “அது சாஞ்சுதான் நிக்கோணும்! தூக்குக்குண்டு மட்டத்துக்கில்ல, இந்த மாதிரி ஆராச்சும் புடிச்சு உலுக்குனா ஆட்டத்தை நிறுத்தறதுக்கு வெச்சது!”

“யாரைச் சொல்றீங்க தம்பி?” என்று பாவாயி கேட்டாள். கேட்டுக்கொண்டே இன்னொரு தடவை இழுத்தாள், இந்தத் தடவை இரண்டு கையாலும். கண்ணாடிதான் இல்லையே. குண்டு எகிறியது, வெள்ளையடிக்கிறவரின் வாளியில் பட்டது, வாசலில் விழுந்து வீதிக்கு உருண்டது. சாய்வு என்றால் அதற்குக் கொண்டாட்டம்தானே. எங்கள் வீதி நேராக டீக்கடைக்கு இறங்குகிறது.

“என்ர குண்டு!” என்றார் குழந்தைவேல்.

அவ்வளவுதான். வாசற்படியைத் தாண்டினார். தாண்டினதே அவருக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்புக்குக் காலை நீட்டினார், கோழி கொத்தியது. வெறுங்காலோடு ஓடினார். சாரதாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. கூப்பிட்டால் நினைவு வந்து திரும்பிவிடுவாரோ என்று பயம்.

குண்டு நேராகப் போய் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் புகுந்தது. பெஞ்சு நிறைய ஆள்.

“அடடே, மாவு மில்லு வந்துட்டாருங்கோ!”

“கால எடுங்க மொதல்ல. குண்டு உள்ள கெடக்குது” என்று சொல்லிக்கொண்டே குனிந்து பெஞ்சுக்கு அடியில் நுழைந்தார். எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். வெளியே வந்து குண்டை வேட்டியில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம்தான் சுற்றும் பார்த்தார். இப்போது திரும்பி ஓடி வருவார் என்று நினைத்தேன். இல்லை. அதே பெஞ்சில், ஆட்களை நகரச் சொல்லி உட்கார்ந்தார். பின்னாலேயே ஓடிப்போன அன்பிடம், “முதலாளிக்கு ஒரு போன் போடு” என்று கை நீட்டினார்.

நான் வாசலிலிருந்து கத்தினேன்: “மாப்பிள! காப்பி ஆறுது, வாங்க!”

“இங்கயே குடிச்சுக்கறேனுங்க அத்தை!” என்றார்.