பொங்காலைக்கு ஜானவி போட்ட தீப்பெட்டி

கரமனை அக்ரஹாரத்து ஜானவியை எழுப்புறது லேசுப்பட்ட வேலை இல்ல. அம்மா அனந்தலக்ஷ்மி போடுற சத்தத்துல கரமனை ஆத்து மீனெல்லாம் முழிச்சிரும், இவ மட்டும் புரண்டு படுப்பா. அந்த மகாராணிக்குத்தான் எம்.பி.ஏ படிக்கும்போது சொந்தத் தொழில் ஆசை வந்துச்சு.

"எதுக்குத் தொழில் பண்ணணும்?"னு காலேஜ்ல சார் கேட்டாரு. ஒருத்தன் நாட்டை மாத்தணும்னான். இன்னொருத்தன் உலகத்தையே மாத்தணும்னான்.

"எங்க நாகர்கோவில் சித்தி வருஷாவருஷம் ஆற்றுக்கால் பொங்காலைக்கு செங்கல்லைத் தூக்கிண்டு பஸ்ல வரா சார். எறங்கறச்சே சித்தியே செங்கல்லாட்டம் ஆயிடறா. பாக்க சகிக்கலை"ன்னா ஜானவி.

கிளாஸே சிரிச்சுது. சார் சிரிக்கல.

பொங்காலைன்னா ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொம்பளைங்க தெருவுலயே அடுப்பு கூட்டிப் பொங்கல் வைக்கிறது. அன்னிக்கு திருவனந்தபுரத்துல ரோடு இருக்காது, அடுப்புதான் இருக்கும். வெளியூர்ப் பொம்பளைங்க கையை வீசிட்டு வந்தாப் போதும்; செங்கல், மண்பானை, எரிக்கக் காஞ்ச தென்னம்பாளை, அரிசி, வெல்லம் எல்லாம் அவங்க இடத்துலயே காத்துக்கிட்டிருக்கும். அதான் ஜானவி கிட்.

அப்பா ராமசுப்ரமணியனுக்கு இது பிடிக்கல. "ஒரு சாமான் திரும்பி வந்தாலும் திங்கக்கிழமை நீ பேங்க் கோச்சிங்ல போய் ஒக்காரணும். செரியா?"

"செரிப்பா."

திரும்பி வருமாம்லன்னு ஜானவி மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டா. கிட்டுக்கு ஒரு தீப்பெட்டி வேற வச்சு, அதுமேல கம்பெனி பேரையும் அச்சடிச்சிருந்தா.

பொங்காலை அன்னிக்குக் காலையில மொத பொம்பளையே தீப்பெட்டியை எடுத்து நீட்டினா. "இதென்ன மோளே? தீ அம்மை கோயில்லேர்ந்தல்லே வரணும்?"

அதான் வழக்கம். கோயில் அடுப்புல மூட்டுன தீ, அடுப்புக்கு அடுப்பு கைமாறி ஊரெல்லாம் வரும். யாரும் குச்சி கிழிக்க மாட்டாங்க. கோயிலுக்குக் கூப்பிடுதூரத்துல பொறந்தவளுக்கு இது தெரியாதான்னா, தெரியாது. தீ வாசலுக்கு வர்ற நேரம் அவ எந்த வருஷமும் போர்வையை விட்டு வெளிய வந்ததில்ல.

தீப்பெட்டி எல்லாம் திரும்பி வந்துச்சு. அப்பா அதைப் போட்ட சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, எலெக்‌ஷன் ஜெயிச்ச மாதிரி.

தீ வந்துச்சு. ஆனா ஆம்புலன்ஸுக்கு விட்டிருந்த வழியில அடுப்பே இல்லாததால அங்க வந்து நின்னுபோச்சு. அந்தாண்ட வரிசையில சித்தி உள்பட அத்தனை பேரும் பானையை வச்சுக்கிட்டு முழிக்கிறாங்க. இந்தாண்ட புகை வானத்தை முட்டுது.

ஜானவி ஒரு அடுப்புலேர்ந்து பாளையைப் பத்த வச்சுக்கிட்டு ஓடினா. அவ ஓட்டத்துல போலீஸ்காரர் தொப்பி பறந்துச்சு. சித்தி அடுப்புல தீ வச்சா. "கொழந்தே, அந்தக் கோடில இருக்கறவாளும் பாவம்டீ"ன்னா சித்தி. அங்கயும் ஓடினா.

அந்தாண்ட வரிசையில இருந்த பாறசாலை சுசீலாபாய், பானை பொங்குன சந்தோஷத்துல ரோட்டைத் தாண்டி அப்பாகிட்ட வந்தாங்க. "தீ கொண்டாந்த பிள்ளைக்க அப்பாவா? அடுத்த வருசம் எங்க தெருவுக்கே அவதான் எடம் பிடிச்சு சாமான் வைக்கணும், கேட்டேளா."

அப்பா சாக்கைப் பாத்தாரு. கரி அப்பின மூஞ்சியோட இன்னொரு பாளையைக் கொளுத்திக்கிட்டிருந்த மகளைப் பாத்தாரு. "தீப்பெட்டி?"

"அது வேண்டாம்."

அப்பா தன்னோட போன் நம்பரையே சொன்னாரு.

"அப்போ திங்கக்கிழமை கோச்சிங்?"னு கேட்டா பக்கத்துல நின்ன அனந்தலக்ஷ்மி.

"திங்கக்கிழமை இந்த மாமிக்குப் போன் பண்ணணும்"னாரு.