பந்தய டயருக்கு எடுத்த ஆரத்தி

விருதுநகரில் நான் வேலை பார்த்த கடைக்கு டயர் வாங்க வருபவர்கள் அதிக நேரம் நிற்க மாட்டார்கள். லாரிக்காரர் தேய்ந்ததைக் காட்டுவார், விலையைக் கேட்டுத் திட்டுவார், திட்டிக்கொண்டே வாங்கிப் போவார். ஒரே ஒருவருக்குத்தான் ஆடி முடிந்து ஆவணி பிறந்தும் டயர் வாங்கி முடியவில்லை. திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவரின் மகன் அவர். சின்ன முதலாளி என்று கூப்பிடுவோம்.

சின்ன முதலாளியிடம் தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிவப்புக் கார் ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் உட்காருபவர் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வேகத்தடை வந்தால் அந்தக் கார் நேராக ஏறாது. கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக எடுத்து வைக்கும். பின்னால் வரும் மினி பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான்.

கோவைப் பக்கம் ஒரு பந்தயத் தளம் இருக்கிறது. காசு கட்டினால் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக் கொடுப்பார்கள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதற்கு அவருடைய அப்பா ஒப்புக்கொண்டிருந்தார், ஒரு நிபந்தனையோடு. உருப்படியாக ஓட்டிக் காட்டினால் காரை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் விற்றுவிட்டுக் கம்பெனியில் வந்து உட்கார வேண்டும். ஊரில் பலருக்கு உட்கார ஒரு கம்பெனி கிடையாது. அவருக்கு அதுவே தண்டனை.

நான் எட்டாவதோடு நின்றவன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டினாள். நான் சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன், சங்ககிரியில் லாரி கிளீனராக இருந்தேன், பழைய டயருக்கு மேல் ரப்பர் ஒட்டும் பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டேன். எந்த ஊரும் ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்காது. இந்தக் கடையில் சேர்ந்தபோது படுக்க இடமும் தந்தார்கள், டயர் அடுக்குகளுக்கு நடுவில். ரப்பர் வாடைக்குக் கொசு வராது என்று சொன்னார்கள். பொய்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்போம். சின்ன முதலாளி முதல் நாள் வந்து, "பாய், சம்மர் டயர் வேணும். ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்றார்.

"சம்மர் டயரா? நம்ம ஊர்ல வேற என்ன காலம் இருக்கு தம்பி? மாட்டு வண்டிச் சக்கரங்கூட இங்க சம்மர் டயருதான்" என்றார் பாய்.

சின்ன முதலாளி சிரிக்கவில்லை. போனில் ஒரு வெள்ளைக்காரன் பேசும் வீடியோவைக் காட்டினார். பனி பெய்யும் நாட்டில் குளிருக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர் என்று மாற்றுவார்களாம். வெயில் டயரில் பந்தயத்துக்கென்றே ஒரு வகை உண்டாம். ரப்பர் மென்மையாக இருக்கும், சூடேறச் சூடேறத் தாரைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். காசைக் கொடுத்துச் சீக்கிரம் தேய்கிற பொருளை வாங்குவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆலங்குளம் சிமெண்ட் ஆலை லாரிகள் சிந்திக்கொண்டே போகும் சுண்ணாம்புக் கல்லையும் அது இதேபோல் கவ்விப் பிடிக்கும் என்று அந்த வெள்ளைக்காரன் சொல்லவில்லை.

பாய் சென்னையிலிருந்து மூன்று வகையில் ஒவ்வொன்று வரவழைத்தார். பார்க்கக் குடும்பமே வந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படி உடுத்த மாட்டார்கள். அப்பா, சின்ன முதலாளி, அவருடைய அக்கா வீட்டுக்காரர். இந்த மாப்பிள்ளைதான் கம்பெனியில் லேபிள் டிசைன் பார்ப்பவர். அதனால் டயரையும் லேபிளாகவே பார்த்தார்.

"இதுல அம்பு அம்பாக் கோடு போட்டிருக்கு. ராக்கெட் மாதிரி இருக்குல்ல? இத எடுங்க."

"மச்சான், அது சாதா டயர்."

"சாதாவா இருந்தா என்ன, பார்க்கிறவனுக்குத் தெரியவா போகுது?"

இன்னொன்று கிட்டத்தட்ட வழுக்கையாக இருந்தது. பந்தயத் தளத்துக்கு மட்டுமே ஆனது, மழையில் நிற்காது என்றார் சின்ன முதலாளி. மீதி இருந்ததுதான் அவர் சொன்ன சம்மர் டயர். அப்பா அதை நகத்தால் அழுத்தினார். பட்டாசு மருந்தின் பதம் பார்ப்பது போல விரல்களைத் தேய்த்தார். பிறகு குனிந்து முகர்ந்தார்.

"நல்லா எளசா இருக்கு. வாடையும் சுத்தம். இதையே மாட்டிருங்க பாய்."

இத்தனை நாள் வீடியோ பார்த்து மகன் வந்து சேர்ந்த இடத்துக்கு அப்பா மூக்கால் வந்து சேர்ந்தார். இரண்டு பேருக்கும் பெருமை. மாப்பிள்ளைக்கு மட்டும் வருத்தம்.

அந்த வகையில் மீதி மூன்றும் வந்து சேர்ந்ததும், வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழித்து நாலு டயரையும் மாட்டினேன். கோவைக்குக் கூட வந்து சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று பாயிடம் கேட்டு என்னையே அழைத்துக்கொண்டார்கள். திருத்தங்கலில் அவர்கள் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது ரோட்டின் குறுக்கே பத்தாயிரம் வாலா விரித்துக் கிடந்தது.

பட்டாசு ஆலை வாசலில் பீடியைக்கூடப் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். மருந்து அறையில் பெண்கள் செருப்பில்லாமல் நடப்பார்கள், தரையில் ஒரு உரசல் கூடாது என்று. அந்த ஒழுங்கெல்லாம் வேலிக்கு உள்ளேதான். முதலாளி வீட்டு வாசலில் புது பைக் வந்தாலும் வெடி, பழைய பைக்குக்குப் பெயிண்ட் அடித்தாலும் வெடி. இந்தக் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வெடித்த புகை அடங்குவதற்குள் வண்டி அதன்மேல் ஏறி வந்து வாசலில் நிற்க வேண்டும். புகை அடங்கிவிட்டால் ராசி இல்லை.

சரம் வெடித்து ஓய்ந்தது போலிருந்தது. காகிதக் குப்பைக்குள் நெருப்பு கண் சிமிட்டியது. "தம்பி, கொஞ்சம் அணையட்டும்" என்றேன்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. எரநூறு கிலோமீட்டர் ஸ்பீடுக்கே தாங்குற ரப்பர் இது. சூடு பட்டாத்தான் நல்லது" என்றார். காரை நேராகக் குப்பைமேல் ஏற்றி வாசலில் நிறுத்தினார்.

அவருடைய அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தார். "ஏலே, நவுத்தாத. அங்கனயே நிக்கட்டும்." மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். சரிவரவில்லை என்று மறுபடி எடுத்தார். பெரிய வாலாவின் வாலில் அணுகுண்டுகள் கட்டியிருப்பார்கள். அவை நிதானமாக, முன் சக்கரத்தின் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வெடித்தன. தெருவே கை தட்டியது. ஆரத்தித் தண்ணீர் பாதி அம்மாவின் சேலையில்.

மறுநாள் காலையில் சக்கரங்களைத் துடைக்கும்போது பார்த்தேன். அந்த டயரின் பக்கவாட்டு கருகி, நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். வேகத்தில் அந்த இடம்தான் கிழியும். பாயிடம் சொன்னேன், அவர் சென்னைக்குப் போன் போட்டார். அந்த சைஸ் அடுத்த கப்பலில்தான் வருமாம். பழைய டயர்கள் நூல் தெரியத் தேய்ந்தவை.

சின்ன முதலாளி ரொம்ப நேரம் அந்தப் புடைப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மெதுவாப் போயிருவோம். அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். அங்கே போனால் டயர் ஆறிவிடும் என்பது போல.

"கறுப்பு பாலிஷ் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மாப்பிள்ளை. அவரே உட்கார்ந்து பாலிஷ் போட்டார். டயர் பளபளவென்று ஆனது. புடைப்பும் பளபளவென்று ஆனது.

பந்தயத் தளத்தில் ஒவ்வொரு காரையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் டயர்களைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். முன் சக்கரத்தில் கை நின்றது. பாலிஷைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"இது என்னங்க, தீக்காயமா?"

மாப்பிள்ளை பேசினார். "வெடி மேடம். நம்ம கம்பெனி வெடிதான்."

"வெடி மேல ஏத்துனீங்களா? புது டயரை?"

"ராசிக்கு, மேடம்."

அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அட்டையில் ஏதோ குறித்துவிட்டு, காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். "இத வச்சு உள்ள விட்டா உங்களை நான்தான் அள்ளணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டாள்.

சின்ன முதலாளி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடையதைவிடப் பழைய கார்களெல்லாம் வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பின. எனக்கு அதில் பார்க்க ஒன்றும் தெரியவில்லை. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர இவ்வளவு பெட்ரோல். ஆனால் அவர் ஒவ்வொரு வளைவுக்கும் வலது காலைத் தரையில் அமுக்கிக்கொண்டிருந்தார். செருப்பு தேய்ந்திருக்கும்.

மத்தியானம் அப்பாவிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன மாப்ள, எம்புட்டு நேரத்துல ஓட்டுனான்?"

மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னார். நான் வசவை எதிர்பார்த்தேன்.

"நம்ம அணுகுண்டா கிழிச்சிச்சு? வெளிநாட்டு டயரையா?"

"ஆமா மாமா."

"அடி சக்கை!" என்றார் பெரியவர். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "சரி, பேசுனபடி காரை அங்கனயே வித்துட்டு வாங்க. அந்த டயரை மட்டும் விட்றாதீக, கையோட கொண்டாங்க. வடக்க இருந்து ஏஜெண்டுக வர்ற நேரம். ஆபீஸ்ல வச்சுக் காட்டணும்."

சின்ன முதலாளி போனை வாங்கி, "அப்பா, டயர்தான போச்சு, அடுத்த மாசம்..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த மாசம் சீசன்லே. வந்து உக்காரு."

காலையிலிருந்து காரைச் சுற்றிச் சுற்றி வந்த கோவைக்காரர் ஒருவர் இருந்தார். வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. காகிதங்களைப் பிறகு அனுப்புவதாகப் பேசி முடித்தார்கள். அவருக்குத் தெரிந்த கடையில் நான் அந்தக் கெட்ட டயரைக் கழற்றி, அங்கே கிடந்த ஒரு பழைய டயரை மாட்டினேன். அவர் மற்ற மூன்றையும் தட்டிப் பார்த்து, அருமையான டயர் என்றார். சாவியைக் கொடுத்தபோது சின்ன முதலாளி, "முதல்ல கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டுங்க. சூடானப்புறம் பிடிக்கும்" என்றார். வாங்கியவர் தலையாட்டிக்கொண்டே ஏறி, முதல் திருப்பத்திலேயே கிறீச்சிட வைத்துப் போனார்.

மதுரை பஸ்ஸில் கூட்டம். மாப்பிள்ளை முன்னால் இடம் பிடித்துத் தூங்கிவிட்டார். நானும் சின்ன முதலாளியும் பின்னால் கடைசி சீட்டில். டயர் அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நின்றது. பஸ் திரும்பும்போதெல்லாம் அது உருளப் பார்த்தது. அவர் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாலிஷ் சட்டையில் அப்பியது.

பல்லடம் தாண்டிக் கண்டக்டர் வந்தார். "என்னங்க தம்பி, பஞ்சரா?"

"இல்லைங்க," என்றார் சின்ன முதலாளி. "சாம்பிள்."

லக்கேஜ் டிக்கெட்டையும் அவரே வாங்கினார்.