பையில் தங்காத தூரக்கண்ணாடி

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயனுக்குப் பின்னால் இருக்கும் மலையை யாரோ காய்கறி போட வெட்டிவிட்டார்கள். வெட்டியவர் யார், அனுமதி கொடுத்தவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: லயனில் கடைசி வீடு என்னுடையது, அதன் சமையலறைச் சுவரை ஒட்டித்தான் அந்த மலை நிற்கிறது. பகலில் நான் கொழுந்து வெட்டப் போய்விடுவேன். வீட்டில் மருமகளும் கைக்குழந்தையும் இருப்பார்கள். மழை பிடித்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

வீட்டு வாசலில் நின்றால் அந்த மலை தெரியாது, கூரை மறைக்கும். எதிர்ச் சரிவில், நாங்கள் வேலை செய்யும் தேயிலைக் காட்டு வளைவில் நின்றால்தான் வெட்டிய இடம் முழுதாகத் தெரியும். மண் வெடித்திருக்கிறதா, மேலே விரித்த நீலத் தார்ப்பாய் கிழிந்திருக்கிறதா, வடிகிற தண்ணீர் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வெறுங்கண் போதாது. அதனால் நிர்வாகம் லயனுக்கு ஓர் அவசரப் பை வாங்கித் தர ஒத்துக்கொண்டபோது, டார்ச், விசில், கயிறு, மருந்தோடு ஒரு தூரக்கண்ணாடியும் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். கேட்ட வாய்க்கு மரியாதையாகக் கிராணி என்னையும் வேனில் ஏற்றிப் பிரிஞ்சாங் டவுனுக்குக் கூட்டிப் போனார். கிராணி என்றால் எங்கள் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். என் மகன் வயசு, பேச்சு மட்டும் துரை வயசு.

பறவை பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களை நம்பி நடக்கும் கடை அது. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஒற்றைக் குழல், உள்ளங்கையில் அடங்கிவிடும். மற்றது இரட்டைக் குழல், சின்னதுதான், மடக்கலாம், கழுத்தில் மாட்ட வார் உண்டு. இரண்டும் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், மழையில் நனையலாம், உள்ளே ஆவி பிடிக்காது என்றார்.

வாசலுக்கு வந்து எதிர் ஓட்டல் மாடியைப் பார்த்தேன். இரட்டைக் குழலில் உலகம் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொடியில் காய்ந்த துண்டின் பூ வரைக்கும் தெரிந்தது. ஆனால் புரை விழுந்த என் இடது கண்ணுக்கு அந்த அழகில் பங்கில்லை. ஒற்றைக் குழலை மழைக்கோட்டுப் பையில் போட்டுப் பார்த்தேன். கனமே இல்லை. ஒரு கையில் கொழுந்து வெட்டும் கத்திரி இருந்தாலும் மறு கையால் எடுத்துப் பார்த்துவிடலாம்.

"இதே போதும் கிராணி," என்றேன்.

"சும்மா இருங்கக்கா. ஒத்தக் கண்ணுல பாத்தா கண்ணு வலிக்கும். ரெட்டக் குழல் பாக்க நல்லா இருக்குலா. துரைக்குப் போட்டோ வேற அனுப்பணும்."

"மண்ணு சரியுதான்னு பாக்க எம்புட்டு நேரம் வேணும்? கழுத்துல மாட்டுற சாமான் பையில தங்காது. யாரு கழுத்துக்காவது போயிரும்."

"எங்க போவும்? ஆபீஸ்லதான் தொங்கும்."

என் பயம் அவருக்குப் புரிய நியாயமில்லை. நான் இளவயதில் கொழுந்து எடுத்தபோது, அப்போதைய துரை பங்களாப் புல்வெளியில் நின்று இப்படி ஒன்றால் எங்களைப் பார்ப்பார். வெயில் பட்டு அது மின்னும். முதலில் கண்டவள் "கண்ணாடி அடிக்குது" என்பாள். அந்தச் சொல் தேயிலைச் செடி வரிசைகளில் நிரை நிரையாகப் போகும். நிமிர்ந்தவள் குனிவாள், தண்ணீர் குடிக்கப் போனவள் பாதியில் திரும்புவாள். அந்தத் துரை போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த மினுக்கு இன்னும் முதுகில் உறுத்துகிறது.

இரட்டைக் குழலையே வாங்கினார்கள். ஆபீசில் என் கழுத்தில் மாட்டி, சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். சிரித்துத் தொலைத்தேன்.

கொஞ்ச நாளிலேயே அது எங்களை மேய்க்கிற கங்காணியின் கழுத்துக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, "சும்மா மலையப் பாக்கத்தான்கா," என்றார். அவர் பார்த்த மலையில் நாங்கள்தான் குனிந்திருந்தோம். கிராணியிடம் சொன்னேன். "குடுத்துருவாருலா," என்றதோடு சரி.

பிறகு ஒரு நாள் விடிந்ததிலிருந்து மழை. ஓடைத் தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தது. கத்திரியைப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். சுவரில் அவசரப் பை தொங்கியது. உள்ளே தூரக்கண்ணாடியின் உறை மட்டும் கிடந்தது. வளைவுக்கு ஓடி, நல்ல கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தார்ப்பாய் நீலமாகக் கலங்கித் தெரிந்தது. அது கிழிந்ததா, காற்றில் அடிக்கிறதா என்று தெரியவில்லை. தெரியாமலே லயனுக்கு ஓடினேன். தொண்டை கிழியக் கத்தி எல்லாரையும் கிளப்பினேன். குழந்தையை நானே வாங்கிக்கொண்டு, மருமகளோடு கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் மண் இறங்கியது. என் சமையலறைச் சுவரைத் தள்ளி, அடுப்பை மூடியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நிர்வாகத்தார் வந்து பார்த்து, நல்ல வேளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த மாதச் சம்பளத்தில் எனக்கு அரை நாள் வெட்டு.

"கங்காணி எழுதிக் குடுத்துட்டாருக்கா," என்றார் கிராணி, தலையைத் தூக்காமல். "வேல நேரத்துல நீங்க உங்க நிரைய விட்டுட்டு ஓடுனத மேல் ரோட்ல இருந்து பாத்தாராம்."

மலையை யாரும் பார்க்கவில்லை. மலையைப் பார்க்க ஓடிய என்னை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

"அந்த மழையில, அம்புட்டுத் தூரத்துல, நான்தான்னு அவருக்கு எப்படிக் கிராணி தெரிஞ்சுச்சு?"

அவர் கணக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர் தலைக்கு மேலே, சுவரில் ஒட்டிய போட்டோவில், அந்தத் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.