லூர்த்தம்மா சொன்ன சாட்சி

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கருவாடு போடுகிற லூர்த்தம்மாவுக்கு இப்போது அறுபத்தொரு வயது. தொண்ணூற்றைந்தில் போருக்கு ஊரே இடம்பெயர்ந்தபோது கைப்பிள்ளையோடு தென்மராட்சிக்கு நடந்தவள். திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் குடியிருந்தவள். வாய் என்றால் வாய். சந்தையில் அவளிடம் விலை குறைத்துக் கேட்க ஆம்பிளைகளே யோசிப்பார்கள். அப்படிப்பட்டவள் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், தன் மனிசன் நீக்கிலாப்பிள்ளைக்கு. அவர் அடிக்கிற ஆளில்லை. கோபம் வந்தால் கதைக்க மாட்டார். வைத்த சோற்றைத் தொடாமல், முகத்தைப் பாராமல், ஒரு கிழமை, இரண்டு கிழமை அப்படியே இருப்பார். அடித்துத் தொலைத்தாலும் பரவாயில்லை என்று அவள் அழுத நாட்கள் உண்டு.

அவளும் அக்கா திரேசம்மாவும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அக்காவின் மனிசன் செபநாயகம் மூத்தவர், நீக்கிலாப்பிள்ளை இளையவர். தாய் சீதனமாகக் கொடுத்த காணியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு. போர் முடிந்த பிறகு யாரோ நிவாரணத்தில் கட்டிக் கொடுத்த தண்ணீர்த் தாங்கி நடுவில் நின்றது. அதிலிருந்து வீட்டுக்கொரு பைப். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மற்ற வீட்டுக்குக் கிண்ணம் போகும். அவ்வளவு ஒற்றுமை.

நீக்கிலாப்பிள்ளைக்கு எல்லாம் தனக்குத் தெரியும் என்ற எண்ணம். மகள் லவீனாவின் கலியாணத்துக்கு முதல் புதுக் குளியலறை கட்டினார். பைப் வேலைக்கு ஆள் பிடிக்கச் சொன்னாள் லூர்த்தம்மா. கேட்டால்தானே! இருந்த பைப்பில் கிளை வைத்தார், கிளையில் இன்னொரு கிளை வைத்தார். ஒரு இஞ்சி அகலப் பைப் அரை இஞ்சியாகி, பிறகு முக்கால் இஞ்சியாகி, குசினியைச் சுற்றி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்த் திரும்பவும் அரை இஞ்சியாக வந்தது. பைப்புக்குப் பூசுகிற பசையைக் கடையில் வாங்கவில்லை. பைபர் வள்ளத்தில் ஓட்டை அடைக்கும் ரெசினைக் கரைத்து, மூட்டுக்கு மூட்டு உள்ளேயும் வெளியேயும் வார்த்து வைத்தார்.

"கடல் தண்ணியே உள்ளுக்கு வராது. பைப் தண்ணி வெளியிலை போகுமோ?" என்று பெருமை வேறு.

ஒரு துளி ஒழுகவில்லைதான். ஆனால் தண்ணீரும் வரவில்லை. குசினிக் குழாயில் நூல் போல இறங்கியது. ஒரு பானை நிறைவதற்குள் அடுப்பு அணைந்துவிடும். அக்கா வீட்டில் மட்டும் முன்போலவே அடித்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க லூர்த்தம்மாவுக்கும் வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன பயன்?

"அண்ணை மோட்டர் பூட்டி எங்கடை தண்ணியை இழுக்கிறார்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. சொன்னதோடு நில்லாமல் விசயத்தை மீனவர் சங்கத்துக்குக் கொண்டு போனார். செபநாயகம் மாதா மேல் சத்தியம் பண்ணினார். சங்கத்துத் தலைவர் லூர்த்தம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "நீ கண்டனியோ பிள்ளை?"

அவள் ஒன்றையும் காணவில்லை. மோட்டரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நீக்கிலாப்பிள்ளை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த மண்டபத்தில், கூடப் பிறந்த அக்காவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஓம், கண்டனான்," என்றாள்.

அவ்வளவுதான். செபநாயகம் வீட்டுப் பைப்பை வெட்டிவிட்டார்கள். நடுவில் தகரவேலி வந்தது. திரேசம்மா தெருக் குழாயில் வாளி பிடித்தாள். பின்னால் 'தண்ணிக் கள்ளி' என்று யாரோ சிரித்தார்கள். மூன்றாம் வருசம் செபநாயகம் செத்துப்போனார். செத்த வீட்டில் தங்கச்சி போய்க் கையைப் பிடிக்க, திரேசம்மா கையை உதறிவிட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அண்ணன் வீட்டுப் பைப்பை வெட்டிய பிறகும் இவர்கள் வீட்டில் தண்ணீர் கூடவில்லை. மூளையுள்ள மனிசன் அன்றைக்கே யோசித்திருப்பான். நீக்கிலாப்பிள்ளை தாங்கியில் பாசி என்றார், காற்றுப் பிடித்திருக்கிறது என்றார். கோளாறு தங்கள் பைப்பில்தான் என்று லூர்த்தம்மாவுக்குத் தெரியும். ஒன்பது வருசம் தெரிந்துகொண்டே வாளி தூக்கினாள்.

போன மாதம் லவீனா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தாள். குளியலறையில் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுக் கத்தினாள். நீக்கிலாப்பிள்ளை கடலுக்குப் போன நேரம் பார்த்து, கொக்குவிலிலிருந்து சுபாஸ்கரன் என்ற பைப் வேலைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார், தலையைச் சொறிந்தார். குசினிச் சுவருக்குப் பின்னால் பைப் மூட்டு ஒன்றை அறுத்தார். உள்ளே தேன் நிறத்தில் ரெசின் கல்லாக இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு கடலை போகிற அளவு ஓட்டை.

"வள்ளத்துக்குப் பூசுறதை ஆரம்மா பைப்புக்குள்ளை வாத்தது?" என்று சிரித்தார். பதினொரு மூட்டு. பதினொன்றும் அப்படித்தான்.

பின்னேரம் ஒரே அளவுப் பைப் நேராகப் போட்டு முடிந்தது. குசினிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பாத்திரத்தில் அடித்து முகத்தில் தெறித்தது. லவீனா கைதட்டிச் சிரித்தாள். லூர்த்தம்மா அடுப்படியில் குந்தியிருந்து அழுதாள்.

கடலால் வந்த நீக்கிலாப்பிள்ளை அறுத்துப் போட்ட துண்டுகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"உதுகளைக் கொண்டுபோய்க் கடலிலை எறி. ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார்.

"அக்காவுக்குமோ?"

"ஒருத்தருக்கும் எண்டால் ஒருத்தருக்கும்தான்."

அடுத்த நாள் லூர்த்தம்மா ஒரு துண்டைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, தெருவால் சுற்றி அக்கா வீட்டுக்குப் போனாள். திரேசம்மா கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. லூர்த்தம்மா பைப் துண்டை நீட்டினாள்.

"அக்கா, இந்தா பார். இவர் வாத்த ரெசின்தான் அடைச்சிருக்கு. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. என்னை மன்னிச்சுக்கொள் அக்கா."

திரேசம்மா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தப் பைப்போ என்னைக் கள்ளி எண்டது? கண்டனான் எண்டு சொன்னது நீயெல்லோ? அண்டைக்குச் சொன்ன இடத்திலையே போய்ச் சொல்லு. சொல்லிப்போட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சங்கக் கூட்டம். பூசை முழுக்க லூர்த்தம்மாவுக்கு ஒரு செபமும் வாயில் வரவில்லை. மண்டபத்தில் முன்வரிசையில் நீக்கிலாப்பிள்ளை இருந்தார். அவள் பின்னால் எழும்பி நின்றாள்.

"ஒம்பது வருசத்துக்கு முதல் இஞ்சை நிண்டு, அக்கா ஆக்கள் தண்ணி களவெடுத்ததைக் கண்டனான் எண்டு சொன்னன். அது பொய். நான் ஒண்டும் காணேல்லை. அடைப்பு எங்கடை பைப்பிலைதான் இருந்தது."

நீக்கிலாப்பிள்ளை எழும்பி வெளியே போனார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பழைய தலைவர் செத்து நாலு வருசம். அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர் பிரான்சிலும் கனடாவிலும். மிச்சமிருந்த கிழவர் ஒருவர், "எந்தத் தண்ணி? எனக்கு நினைவில்லையே," என்றார். செயலாளர் ஜெரிசன் இளம் பெடியன், மரியாதையாகவே கதைத்தான்: "சரி அன்ரி, பரவாயில்லை, இருங்கோ. அடுத்தது மண்ணெண்ணெய் விசயம்."

இனி வீட்டில் எத்தனை கிழமை சோறு ஆறிக் கிடக்குமோ தெரியாது. கிடக்கட்டும் என்று நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். திரேசம்மா வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்கு உடுத்திய சேலையை இன்னும் மாற்றவில்லை.

"சொன்னியோ?"

"சொன்னன் அக்கா. எல்லாருக்கும் முன்னாலை."

"என்ன சொல்லிச்சினம்?"

எல்லாரும் வெட்கப்பட்டார்கள், உனக்காக அழுதார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லூர்த்தம்மாவுக்கு அது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாயால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"ஒருத்தருக்கும் நினைவில்லையாம் அக்கா."

"ஒருத்தருக்குமோ?"

"ஒருத்தருக்கும்."

திரேசம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் ஒம்பது வருசமா ஆருக்கு ஒளிச்சு, தெருவை விட்டுப் பின் ஒழுங்கையாலை கோயிலுக்குப் போனனான்?" என்று கேட்டாள். பதிலுக்கு நில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.