மழை வந்தால் மட்டும் போன் எடுக்கும் மாப்பிள்ளை

சிவகாசிப் பயணத்துக்கு நான் வீட்டில் சொன்ன காரணம் பட்டாசு. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. திருச்சியில் விற்கிற விலைக்கு நேரே சிவகாசி போய் வாங்கி வந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. என் தங்கை எஸ்தருக்குத் திருத்தங்கலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அந்த மாப்பிள்ளை மேல் எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தண்ணீர் பாட்டிலின் மூடியை இரண்டு முறை பார்க்காமல் குடிக்க மாட்டேன். ஆனாலும் இந்த விஷயத்தில் யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மாப்பிள்ளை பெயர் ஜெபராஜ். ஒரு காலண்டர் அச்சகத்தில் சூப்பர்வைசர் என்று அவருடைய அம்மா சொன்னார். அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சர். பெண் பார்த்துப் போன பிறகு எஸ்தரும் ஜெபராஜும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அங்கேதான் இடித்தது. காலை எட்டு மணிக்குமேல் அவர் போன் அணைந்துவிடும். சாயங்காலம்தான் உயிர் வரும். ஆனால் சில நாட்களில் மட்டும் மதியம் இரண்டு மணிக்கே அவராகக் கூப்பிடுவார். அந்த நாட்களை நான் கவனித்தேன். போனில் வானிலையையும் பார்த்தேன். சிவகாசிப் பக்கம் இடியும் மழையுமாக இருக்கிற நாளில் மட்டும்தான் அவர் மதியத்தில் அழைக்கிறார்.

எந்த அச்சகத்தில் மழை பெய்தால் மட்டும் போன் பேச விடுவார்கள்? "மழைன்னா லீவு விடுவாங்களோ என்னவோ" என்று எஸ்தர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு குடும்பம், கடன்காரர்கள் என்று என் மண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. அப்பா இல்லாத வீடு. விசாரிக்க வேண்டியவன் நான்தான். அடுத்த மாதம் நிச்சயம் வைக்கலாம் என்று பேச்சு. அதற்குமுன் போய்ப் பார்த்துவிடுவது என்று ஒரு வியாழக்கிழமை அதிகாலையில் கிளம்பினேன்.

திருச்சியில் இருந்து மதுரைக்கு அரசுப் பேருந்து. ஏறத்தாழ நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். மேலூர் தாண்டியதுமே தூறல். வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று டிரைவரின் ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. மதுரையில் இருந்து விருதுநகர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். விருதுநகரில் இறங்கினால் எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிடாமல் போகாதீர்கள். எந்த எண்ணெய், எத்தனை நாள் எண்ணெய் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நான்கு பரோட்டா சாப்பிட்டேன். அங்கிருந்து சிவகாசிக்கு முக்கால் மணி நேரம். வழியெல்லாம் கரிசல் மண் நனைந்து கறுத்துக் கிடந்தது. பட்டாசுக் கடைப் பலகைகள் மைல்கற்களைவிட அதிகமாகத் தென்பட்டன.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால், ஃபேனுக்கு மேல், கதவுத் தாழ்ப்பாள் என்று வழக்கமான சோதனைகளை முடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் பெயர் மாரியப்பன், ஐம்பது வயது இருக்கும். திருத்தங்கல் ஐந்து கிலோமீட்டர். போய்ச் சுற்றிவர அரை நாளுக்கு அறுநூறு கேட்டார். நான் ஐந்நூறு என்றேன். "மழைக்காலம் சார், ரோட்டப் பாத்தீகளா" என்றார். பார்த்தேன். அறுநூறுக்கே ஒத்துக்கொண்டேன்.

திருத்தங்கலில் ஜெபராஜ் வீட்டுத் தெரு முனையில் ஒரு டீக்கடை. டீயை வாங்கிக்கொண்டு, பொதுவாகக் கேட்பதுபோல அந்த டீச்சர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைச் செருப்பில் இருந்து தலை வரை பார்த்தார்.

"நல்ல குடும்பந்தான். எதுக்குக் கேக்கீக?"

"சும்மாதான். பையன் எங்கே வேலை பார்க்கிறார்?"

"சார் எந்த டிபார்ட்மெண்டு?"

அவ்வளவுதான். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்து எழுந்து போனார். இன்னொருவர் போனை எடுத்து முதுகைத் திருப்பிக்கொண்டார். நான் அவர்களைச் சந்தேகிக்கப் போனால் அவர்கள் என்னைச் சந்தேகிக்கிறார்கள். தீபாவளி நெருக்கத்தில் பளிச்சென்று சட்டை போட்டு, கையில் குடையோடு வந்து யார் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்பவன் அந்த ஊரில் யாராக இருக்க முடியும்? சோதனைக்கு வந்த அதிகாரி. நான் போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் அந்தச் சேதி போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்குக் காசே வாங்க மறுத்துவிட்டார்கள்.

அடுத்து அச்சகம். மாப்பிள்ளையின் அம்மா குறிப்பிட்டிருந்த அதே இடம். காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்தவன்போல உள்ளே போனேன். மை வாசனை, மிஷின் சத்தம், அடுக்கடுக்காகத் தேதித் தாள்கள். மேனேஜர் பொறுமையானவர். மாதிரிகளைக் காட்டினார். கிளம்பும்போது, இங்கே ஜெபராஜ் என்று ஒரு சூப்பர்வைசர் இருப்பாரே என்றேன்.

"அந்தப் பேருல இங்கன யாருமே இல்லையே சார்" என்றார் அவர்.

என் சந்தேகம் பலித்தது. பலித்ததில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. எஸ்தருக்கு முப்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள், இந்த ஒன்றரை மாதமாகத்தான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி மடிக்கிறாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

ஆட்டோவுக்குத் திரும்பி உட்கார்ந்தேன். மாரியப்பன் வண்டியை எடுக்கவில்லை. "சார், தப்பா நெனைக்காதீக. நீங்க ஆபீசரா? ஆபீசர்னா எங்கன வேணாலும் கொண்டு விடுதேன். ஆளப் பத்தி மட்டும் எங்கிட்ட கேக்காதீக" என்றார்.

எனக்கு அலுத்துவிட்டது. என் தங்கைக்கு ஜெபராஜைப் பார்த்திருக்கிறோம், விசாரிக்க வந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இத அந்த டீக்கடையிலயே சொல்லியிருந்தா உக்கார வச்சு வடையும் குடுத்து, அவுக தாத்தா கதைவரை சொல்லியிருப்பாகளே! ஜெபராஜ் வெடி ஆபீஸ்ல போர்மேன் சார். ஆனைக்குட்டம் போற பாதையில இருக்கு. வாங்க, காட்டுதேன்."

வெடி ஆபீஸ் என்றால் அந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலை. அப்படியென்றால் அவர் வேறு பெண்ணிடமோ கடன்காரரிடமோ சிக்கியவர் இல்லை. நாள் முழுக்க வெடிமருந்துக்கு நடுவில் நிற்கிறவர். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்போம். மேற்கே வானம் கறுத்து வந்தது. மழை விழவில்லை, காற்றுதான் முகத்தில் அடித்தது. முள்வேலிக்கு உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அப்போது தூரத்தில் ஒரு இடி உருண்டது. பெரிய சத்தம்கூட இல்லை. அடுத்த நிமிடம் அந்த அறைகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வெளியே வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்து கேட்டைத் தாண்டினார்கள். காவலாளி அறை ஜன்னல் வழியே ஒவ்வொருவருக்கும் அவரவர் போன் திரும்பக் கிடைத்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாதாம். மின்னல் விழுந்தால் மருந்து பற்றிக்கொள்ளும் என்பதால் இடி கேட்டதும் வேலை நிற்க வேண்டுமாம். மாரியப்பன் சொல்லச் சொல்ல, என் ஒன்றரை மாதக் கணக்கு முழுவதும் அங்கேயே எனக்கு விளங்கியது.

பெருமழை கொட்டியது. ஆட்டோவை விட்டு இறங்கி நின்றிருந்த நான் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடிக்கு ஓடினேன்.

"மரத்தடிக்குப் போகாதீக! வேனுக்குள்ள ஏறுங்க!" என்று ஒருவர் கத்தினார். ஜெபராஜ். எல்லோருக்கும் கடைசியாக, வெறுங்காலோடு, பருத்திச் சட்டை உடம்போடு ஒட்ட வந்துகொண்டிருந்தார். அருகில் வந்த பிறகுதான் நான் யார் என்று தெரிந்து நின்றுவிட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கேட்டில் இருந்து ஒரு குரல். "ஏலே ஜெபராஜ், எங்கனயோ உறுமுனதுக்கெல்லாம் ஆளக் கெளப்புனா எப்படிலே? நாளைக்கு லோடு ஏறணும்!" கம்பெனி மேனேஜர்.

"இடி கேட்டுருச்சு அண்ணாச்சி. இனி அடங்குனாத்தான் உள்ள அனுப்புவேன்."

"போன வாரமும் இப்படித்தான் சொன்ன. மொதலாளி வேற போர்மேன் பாக்கச் சொல்லிட்டாருலே, தெரியுமா?"

"பாக்கட்டும் அண்ணாச்சி. புதுப் போர்மேன் வர்றவரை நாந்தான சொல்லணும்."

ஆட்களை ஏற்றிவரும் வேனில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தலையைத் துவட்டாமல் அவர் சொன்னார்: "அச்சகம்னு எங்கம்மா சொன்னது பொய்தான் அண்ணே. நான் எஸ்தர்ட்ட ரெண்டாவது தடவை பேசும்போதே உண்மையச் சொல்லிட்டேன். வேண்டாம்னா விட்டுருங்கன்னும் சொன்னேன்."

"எஸ்தருக்குத் தெரியுமா?"

"தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?"

அங்கேயே எஸ்தரைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அவளே கேட்டாள்: "பார்த்துட்டியா?"

"நான் இங்கே வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டாசு வாங்கப் பஸ்ஸுல போறேன்னு சொன்னியே அண்ணா. பஸ்ஸுல பட்டாசு ஏத்த விடுவாங்களா? அம்மாவுக்குத் தெரியாது, எனக்குமா தெரியாது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே நிறுத்தியிருப்ப. நீயே போய்ப் பார்க்கட்டும்னு விட்டேன்." அவளே தொடர்ந்தாள். "நான் தினமும் அந்தக் காயத்துக்குத்தான் கட்டுப் போடுறேன். இது என்ன வேலைன்னு எனக்குத் தெரியாம இல்ல. பயமாத்தான் இருக்கு. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன், இடி இடிச்சா என்ன செய்வீங்கன்னு. முதல் சத்தத்துலயே எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, கடைசியா நான் வருவேன்னு சொன்னார். அது நிஜமா பொய்யான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

நிஜம் என்றேன்.

மழை விட்டதும் ஜெபராஜ் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். டீச்சர் என்னைப் பார்த்ததும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். பிறகு காபி போட்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"பொய் சொன்னது நாந்தான் தம்பி, அவன் மேல கோவப்படாதீக. மூணு எடத்துல இருந்து வந்தாக. வெடி ஆபீஸ்னு கேட்டதும் காபியக்கூடக் குடிக்காம எந்திருச்சுப் போயிட்டாக. அம்புட்டு நல்ல பிள்ளைய வேற என்னத்தச் சொல்லிக் கட்டி வைக்கிறது?"

காபியில் சர்க்கரை மிக அதிகம். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இனி இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. பேருந்திலும் ரயிலிலும் பட்டாசு கொண்டுபோக அனுமதி இல்லை. வாங்குவதாக இருந்தால் முறையாக அனுப்பிவைக்கும் வழியைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் லாட்ஜ்கள் நிரம்பிவிடும், முன்பதிவு நல்லது. ஐப்பசியில் மதியத்துக்குமேல் இடி மழை வரலாம், வெளிவேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தொழிற்சாலைகளின் பக்கம் நின்று படம் எடுக்காதீர்கள், புகைக்காதீர்கள். சம்பந்தம் விசாரிக்கப் போனால் முதல் டீக்கடையிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் சுற்றிய சுற்று உங்களுக்கு மிச்சமாகும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து எஸ்தரை வைத்துக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, "அந்த வேலையை விடச் சொல்லு" என்று மட்டும் எஸ்தரிடம் சொன்னார். "அவர் விட்டா, அந்த இடத்துக்கு இடி கேட்டாலும் கேட்காத மாதிரி இருக்கிற ஒருத்தர்தான் வருவார்மா" என்றாள் எஸ்தர். அம்மா நிச்சயத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஜெபராஜ் மேல் எனக்கு இப்போது ஒரு சந்தேகமும் இல்லை. அவர் நாளைக் காலையிலும் போய் நிற்கப்போகும் அந்த அறைகளைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.