வானம் பார்த்த குழாய்

கனடாவில் எட்மன்டனுக்கு வடக்கே உள்ள அந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் மாட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி மைரன் ஹ்ரின்சக். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் அவர் கைபட்ட மூட்டு நாற்பது வருஷத்தில் ஒன்றுகூட ஒழுகியதில்லை. கேட்பவர் காதைப் பொத்திக்கொண்டாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அவருக்கும் எஞ்சினியர் கிரெய்க் பெல்டனுக்கும் ஆகவே ஆகாது. அந்த அக்டோபரில் பகை முற்றியது ஒரு குழாயால். வெந்நீர்த் தொட்டியின் ஆவியைக் கூரைக்கு மேலே விடுகிற குழாய். அதன் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்தே கிடக்கும், உள்ளே அழுத்தம் எங்கே ஏறப்போகிறது என்று கிரெய்க் வரைபடத்தில் பூஜ்யம் போட்டு, தகரம் மாதிரி மெல்லிய குழாயை வரவழைத்துவிட்டான்.

ஜனவரியில் ஆவி வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், தொட்டியின் பாதுகாப்பு வால்வு ஐம்பது பவுண்டு அழுத்தத்தில்தான் திறக்கும், அதுவரை குழாயும் தாங்க வேண்டாமா என்று மைரன் கேட்டார்.

“கணக்கை நான் பாத்துக்கறேன் பெரியவரே. நீங்க ஸ்பேனரைப் பாருங்க.”

“குளிரு உன் கணக்கைப் படிச்சுட்டா வருது, தம்பி?”

மேஸ்திரி கையெழுத்துப் போடாமல் புதுக் குழாயில் ஆவி விடுவதில்லை. மைரன் போட மறுத்தார். மேஸ்திரிகளுக்கே உரிய வெள்ளைத் தொப்பியை எல்லார் முன்னாலும் பிடுங்கி, வெஸ் என்பவனிடம் கொடுத்தான் கிரெய்க். வெஸ் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டான். மைரன் சாதாரண ஆட்கள் போடுகிற நீலத் தொப்பியோடு போய், அந்தக் குழாய்க்கு அடியில் கிடந்த காபி பெஞ்சைத் தூர இழுத்துப் போட்டார். நேற்றுவரை அவருக்குப் பயந்தவர்கள் சிரித்தார்கள்.

ஜனவரியில், மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி உறைகுளிரில், சரியாகக் காபி வேளைக்குக் குழாய் நீளவாக்கில் கிழிந்தது. பெஞ்சு முன்பு கிடந்த இடத்தில் கொதிநீர் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. கூரைமேல் குழாய் வாயில் பூசணிக்காய் அளவு பனிக்கட்டி.

வெளிக்குளிரில் நடந்து கிரெய்க், மைரன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொட்டகைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கிற ஆளில்லை. வெள்ளைத் தொப்பியை மட்டும் நீட்டினான். மைரன் தொத்திறைச்சியை மென்று முடிக்கும்வரை அவனை நிற்கவைத்தார்.

“வரைபடத்தை எடு. பூஜ்யத்தை அடிச்சு அம்பது போடு. பக்கத்துல உன் பேரை எழுது. தொப்பி அப்புறம்.”

கிரெய்க்கின் பேனாவில் மை உறைந்திருந்தது. இரும்பில் எழுதுகிற தன் பெயின்ட் பேனாவை மைரன் எடுத்துக் கொடுத்தார். அவன் எழுதி முடித்ததும் முதலில் அதைத் திருப்பி வாங்கிப் பையில் செருகிக்கொண்டு, பிறகு தொப்பிக்குக் கை நீட்டினார்.