லூக்காஸின் இரண்டாவது கண்

சுவிஸில் பாடன் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் யூலியானாவுக்கு வேலை. மன்னாரிலிருந்து வந்தவள். வாய் குறைவு, கை வேகம். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஐ.நா.வில் நீதி கேட்கும் ஜெனீவா ஊர்வலத்துக்குத் தமிழ்ச் சங்கத்து பஸ் புறப்படும்போது, ஏறுகிற அத்தனை பேருக்கும் சோற்றுப் பார்சல் கட்டுகிறவள் அவள்தான். மீன் தனி, மரக்கறி தனி. தவக்காலம் என்பதால் தன் பார்சலில் மட்டும் மீன் வைக்கமாட்டாள். ஜெனீவாவில் இறங்கியதும் முன்வரிசையில் நின்று படம் எடுப்பிக்கிறவர்கள் வேறு ஆட்கள். அதில் அவளுக்கு மனக்குறை இருந்ததில்லை.

அவளுடைய ஒரே தம்பி லூக்காஸ் பிந்திப் புறப்பட்டவன். தெற்கே ஒரு பணக்கார நாட்டை நோக்கிப் படகேறினான். நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் நம் சனத்தில் பாதிப்பேருக்குக் கோபம் வரும், ஆளுக்கொரு மருமகனாவது அங்கே இருக்கிறான். அந்த நாடு லூக்காஸைத் தன் கரையில் கால்வைக்க விடவில்லை. கடலுக்கு நடுவே இன்னொரு குட்டி நாட்டுக்குக் காசு கொடுத்து, அங்கே வேலியடைத்த முகாமொன்றில் கொண்டுபோய்ப் போட்டது. ஒரு நாள் முகாமில் குடிக்கத் தண்ணீர் இல்லையென்று எல்லாரும் சத்தம்போட்டார்கள். தண்ணீர் வரவில்லை, காவல்காரர் தடியோடு வந்தார்கள். லூக்காஸின் இடது கண் அன்றைக்குப் போனது.

போன கண்ணைவிட, இருக்கிற கண்தான் பிறகு பெரிய பாடாய்ப்போயிற்று. அடிபட்ட கண்ணை இப்படியே விட்டால் நல்ல கண்ணும் கெட்டுவிடும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தீவு டொக்டர் சொல்லிவிட்டார். யார் கொண்டுபோவது? முகாமை நடத்திய காவல் கொம்பனியைக் கேட்டால், அரசாங்கத்தைக் கேள் என்றது. அரசாங்கம், அது எங்கள் மண் இல்லை, தீவைக் கேள் என்றது. தீவுக்காரர், நிலம் மட்டும்தான் எங்களுடையது, கொம்பனியைக் கேள் என்றார்கள். ஒரு மனுசனின் கண்ணை வைத்துப் பந்தடித்தார்கள், வேறென்ன சொல்ல.

அந்த நாட்டை ஜெனீவாவில் ஐ.நா. குழுவொன்று கேள்வி கேட்கப்போகிறது என்று தெரிந்ததும், யூலியானா சங்கத் தலைவர் குணசேகரத்தின் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணை, ஒரு பஸ் விட்டாப் போதும். தம்பியின்ர படத்தையும் பிடிச்சுக்கொண்டு நிப்பம்.”

குணசேகரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “தங்கச்சி, விளங்காமக் கதையாதை. அது எங்கட சனத்துக்கு வாழ்வு குடுத்த நாடு. என்ர மகளுக்கு இப்பதான் அங்க விசா சரிவந்திருக்கு.”

“அடிச்சவையைக் கேக்கத்தானே சொல்லுறன்.”

“அடிச்சது காவல்காரன். அதுக்கு அரசாங்கம் என்ன செய்யும்?”

இந்தப் பதில் அவளுக்குப் புதிதில்லை. தமிழில் கேட்டதுதான் புதிது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

தனியாகத்தான் ஜெனீவாவுக்கு ரயிலேறினாள். மனித உரிமை அமைப்பில் வேலைசெய்யும் சுவிஸ்காரி ஒருத்தி அவளைப் பார்வையாளர் வரிசையில் இருத்தி, நடப்பதை ஜெர்மனில் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். குழுவில் ஒருவர் லூக்காஸின் கண்ணைப்பற்றிக் கேட்டார். அந்த நாட்டின் பிரதிநிதி நல்ல மரியாதையான ஆள். வருந்தத்தக்க சம்பவம்தான், ஆனால் எங்கள் அதிகாரத்துக்குள் நடந்ததல்ல என்றார். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

“முடிஞ்சுதா?” என்று யூலியானா கேட்டாள்.

குழு அறிக்கை எழுதும் என்றாள் சுவிஸ்காரி. எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். அதுவரை கண் பொறுத்திருக்கவேண்டுமே.

இரண்டு மாதம் கழித்து லூக்காஸ் வீடியோவில் கூப்பிட்டான்.

“அக்கா, கமராவைப் போடு. உன்ர முகத்தைக் காணேல்லை.”

கமரா போட்டுத்தான் இருந்தது. இங்கே கரண்ட் போயிட்டுது என்று பொய் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு கண்ணும் போனபிறகு அந்த அரசாங்கத்துக்கு இரக்கம் வந்தது. லூக்காஸைப் பிளேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர்மார் சொன்ன அன்றே, மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டோம் என்று அமைச்சர் ஒருவர் பேட்டி கொடுத்தார். கண்டுகொள்ளாமல் இருந்த குணசேகரத்துக்கு உசார் வந்துவிட்டது. சங்கத்தின் ஆண்டு விழாவில் அந்த நாட்டுக்கு நன்றி சொல்லித் தீர்மானம் வாசித்தார், மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்த யூலியானாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

“ரெண்டு வார்த்தை சொல்லு தங்கச்சி. நன்றி எண்டாலே போதும்.”

அவள் மைக்கை வாங்கினாள்.

“என்ர தம்பிக்கு அடிச்சது ஆர் எண்டு கேட்டுக் கேட்டு அலைஞ்சன். கொம்பனியும் இல்லையெண்டுது, தீவும் இல்லையெண்டுது, அரசாங்கமும் இல்லையெண்டுது. இப்ப நன்றி எண்டவுடன ஆள் வந்திட்டுது. வந்த ஆளிட்டையே கேக்கிறன், அடிச்சது ஆர்?”

குணசேகரம் மைக்கை மெல்ல வாங்கி, அடுத்ததாகச் சின்னப்பிள்ளைகளின் நடனம் என்று அறிவித்தார்.